சுழலாத மின்சாரம்

2025 சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் இலங்கையில் மின்துறையிடமிருந்து வந்த வேண்டுகோள் பலருக்கு நினைவிருக்கும். கூரையில் சோலர் பூட்டியவர்கள் ஏப்ரல் 13 முதல் 21 வரை தினமும் பகல் மூன்று மணி வரை அதை நிறுத்தி வைத்தால் நல்லது என்றார்கள். யாழ்ப்பாணத்து இணுவிலில் இருக்கும் என் மாமா அன்றே போன் எடுத்தார். "தம்பி, வெயில் இப்பிடிக் கொளுத்துது. டீசலுக்குக் காசில்லை எண்டு அழுத நாடு, சும்மா வாற கரண்டை ஏன் நிப்பாட்டச் சொல்லுது?"

நான் கட்டுப்பாட்டுப் பொறியியல் படிப்பிக்கிறவன். எங்கள் குடும்பத்தில் பியூஸ் எரிந்தாலும் விசாரணை என்னிடம்தான் வரும். "சடத்துவம் காணாது மாமா" என்று அன்று சுருக்கமாகச் சொல்லி வைத்தேன். அது சரிதான், ஆனால் பாதிப் பதில். மற்றப் பாதிக்குக் கொஞ்சம் இடம் வேண்டும், ஆகவே இந்தப் பதிவு.

முதலில் சடத்துவம், அதாவது சுழலும் கனம் தன் வேகத்தை எளிதில் விடாத குணம். கலியாண வீட்டுக்கு வாடகைக்கு வரும் டீசல் ஜெனரேற்றரின் சத்தத்தைக் கவனித்திருப்பீர்கள். பந்தலின் விளக்குகளை ஒரேயடியாகப் போட்டால் எஞ்சின் ஒருதரம் முனகும், வேகம் குறையும், பிறகு மூச்சுப் பிடித்துக்கொண்டு பழைய வேகத்துக்கு வரும். அந்த முனகலுக்குள் இரண்டு வேலை நடக்கிறது. கனமான சுழலி தன்னில் சேர்த்து வைத்திருந்த சக்தியைக் கொடுத்து முதல் சில கணங்களைச் சமாளிக்கிறது. அதற்கிடையில் வேகக் கட்டுப்படுத்தி டீசலைக் கூட்டிவிடுகிறது. நாட்டின் மின் வலையமைப்பு முழுவதும் இதே கதைதான். 50 ஹேர்ட்ஸ் மீடிறன் என்பது (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அதிர்வெண்) ஒரே தாளத்தில் சுற்றும் எல்லாப் பெரிய இயந்திரங்களின் வேகம். மின் பாவனை (பயன்பாடு) கூடினால் மீடிறன் இறங்கும், குறைந்தால் ஏறும்.

எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதுதான் கேள்வி. ஒரு நாட்டின் சுழலிகளில் உள்ள சக்தி, முழு மின் வலுவையும் (திறனையும்) நான்கு செக்கனுக்குக் கொடுக்கப் போதுமானது என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தியில் பத்து வீதம் திடீரென்று போனால் மீடிறன் செக்கனுக்கு 0.625 ஹேர்ட்ஸ் வேகத்தில் விழத் தொடங்கும். ஒரு ஹேர்ட்ஸ் விழ 1.6 செக்கன். சுழலிகளில் பாதியை நிறுத்திவிட்டு அந்த இடத்தைச் சோலரால் நிரப்பினால், அதே இழப்புக்கு 0.8 செக்கன். நீராவி வால்வோ மதகோ திறந்து வலு கூடுவதற்குச் செக்கன்கள் வேண்டும். அதற்குள், கோளாறு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்கள் முடிவெடுத்துவிடும்.

2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டதன் பின்னணி இது. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கைப் பற்றி எல்லாரும் பகிடி விட்டோம். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குக் கிட்டவான நேரம், பாவனை குறைவு, வெயில் நல்ல வெயில். சுழலும் இயந்திரங்களின் பங்கு சுருங்கியிருந்த நேரத்தில் ஒரு கோளாறு, அது நாடு முழுக்கப் பரவியது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் இயந்திரங்கள் நின்று, மீண்டும் ஓடத் தொடங்கும்வரை அடுத்த நாட்களில் சுழற்சி முறையில் மின்வெட்டும் வந்தது. குரங்கு வராவிட்டால் வேறொரு நாள் ஒரு மின்னல் அதே வேலையைச் செய்திருக்கும். சோலர்தான் குற்றவாளி என்று அன்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோலரை நாங்கள் இணைத்த விதம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். புத்தாண்டு வேண்டுகோளுக்கும் காரணம் இதுதான்: விடுமுறையில் பாவனை குறையும், வெயில் குறையாது.

விதம் என்றால் என்ன? சோலர் தகடு நேரோட்ட மின்சாரம் தருகிறது. அதை ஆடலோட்டமாக மாற்றுவது இன்வேர்ட்டர். செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடும் சில டிரான்சிஸ்டர்கள், ஒரு சுருள், ஒரு கொள்ளளவி, மேலே ஒரு சிறு கணினி. சுழல்வது எதுவும் இல்லை. கூடிப்போனால் சூடாறும் விசிறி. நம் கூரைகளில் உள்ளவை பெரும்பாலும் கிரிட்டை (மின் வலையமைப்பை) பின்தொடரும் வகை. அதாவது வெளியே இருக்கும் வோல்ற்றேஜ் அலையை அளந்து, அதன் கட்டத்தை (அலை அந்தக் கணம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை) பி.எல்.எல். என்ற, அளந்து அளந்து தன்னைத் திருத்தும் பின்னூட்டல் சுற்றால் பிடித்து, அந்தத் தாளத்துக்கு ஏற்ப மின்னோட்டத்தைத் தள்ளும். அலையை வேறு யாரோ உண்டாக்கித் தரவேண்டும். தராவிட்டால் இது வேலை செய்யாது.

பின்தொடரும் இன்வேர்ட்டருக்கும் புத்தி கொடுக்கலாம் என்பதற்கு ஜேர்மனி நல்ல உதாரணம். அங்கே ஒரு காலத்தில், மீடிறன் 50.2 ஹேர்ட்ஸைத் தாண்டினால் கூரைச் சோலர் உடனே அணைய வேண்டும் என்பது விதி. சோலர் கொஞ்சமாக இருந்தவரை பிரச்சினையில்லை. பெருகியபோதுதான், அந்த எல்லையைத் தொட்டால் நாடு முழுக்க எல்லாம் ஒரே கணத்தில் அணையும் என்று விளங்கியது. 2012 இல் சட்டம் போட்டு, லட்சக்கணக்கான இன்வேர்ட்டர்களின் அமைப்பை மாற்றினார்கள். புதிய விதிப்படி 50.2 ஐத் தாண்டிய ஒவ்வொரு ஹேர்ட்ஸுக்கும் 40 வீதம் என்ற சரிவில் வலு படிப்படியாகக் குறைய வேண்டும். மாற்றியது பெரும்பாலும் மென்பொருள் எண்களைத்தான். யாரும் போன் எடுத்துச் சொல்லாமல், ஒவ்வொரு கூரையும் மீடிறனைப் பார்த்துத் தானே விலகி நிற்கிறது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். போர்க்காலத்தில் அறுந்துபோன தேசிய கிரிட்டின் தொடர்பு எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது போர் முடிந்த பின்னர்தான். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரும் 132 கிலோவோல்ற் வழி அது. பெரிய நீர் மின்நிலையங்கள் மலைநாட்டில், அனல்மின் நிலையம் நுரைச்சோலையில். நாங்கள் ஒரு நீண்ட கம்பியின் நுனியில் இருக்கிறோம். இடையில் பளையில் காற்றாலைகள், சுன்னாகத்தில் 24 மெகாவாற் உத்துரு ஜனனி டீசல் நிலையம், அதைச் சுற்றி வீட்டுக்கு வீடு சோலர்.

கம்பியின் நுனியில் இருப்பதில் ஒரு சிக்கல். பெரிய இயந்திரங்களுக்குப் பக்கத்தில் என்றால், ஒரு இன்வேர்ட்டர் என்ன செய்தாலும் வோல்ற்றேஜ் அசையாது. நுனியிலோ, அது தள்ளும் மின்னோட்டமே அது அளக்கும் வோல்ற்றேஜை மாற்றிவிடுகிறது. மாறிய வோல்ற்றேஜை அளந்து மின்னோட்டத்தைத் திருத்துகிறது. அந்தத் திருத்தம் மறுபடியும் வோல்ற்றேஜை மாற்றுகிறது. பி.எல்.எல். ஐ வேகமாக்கினால் இந்த வட்டம் அலையத் தொடங்கும். தனித்தனியாகச் சோதித்தபோது ஒழுங்காக நடந்த இரண்டு இன்வேர்ட்டர்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று பார்த்து ஆடும்.

இப்படியான அலைவு வெறும் கற்பனை இல்லை. 2019 ஓகஸ்ட் 9 அன்று பிரித்தானியாவில் ஒரு மின்னலுக்குப் பிறகு ஹோர்ன்சீ கடற்காற்றாலை சில கணங்களில் 799 மெகாவாற்றிலிருந்து 62 க்கு விழுந்தது. அதன் வோல்ற்றேஜ் கட்டுப்பாட்டில் சரியாகத் தணியாத அலைவு ஒன்று ஒளிந்திருந்தது. வேறொரு எரிவாயு நிலையமும் சேர்ந்து நிற்க, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பாவனையாளர்களுக்கு மின்சாரம் போனது. எங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை ஹவாயின் கவாய் தீவு. 2021 நவம்பர் 21 அன்று தீவின் பெரிய ஜெனரேற்றர் நின்றதும், வலையமைப்பு முழுவதும் 18 முதல் 20 ஹேர்ட்ஸ் வரையான அலைவு கிளம்பியது. நல்லவேளை, தீவு இருளவில்லை. ஆராய்ந்து பார்த்து, இன்வேர்ட்டர்களின் கட்டுப்பாட்டைக் கிரிட்டை உருவாக்கும் வகைக்கு மாற்றத் தொடங்கினார்கள்.

கிரிட்டை உருவாக்கும் இன்வேர்ட்டர் வெளியே அலையைத் தேடாது. பற்றரியைப் பின்னால் வைத்துக்கொண்டு தானே ஒரு வோல்ற்றேஜ் அலையை நிறுவும். பாரம் கூடினால் சுழலும் ஜெனரேற்றர் போலவே தன் மீடிறனைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும், பக்கத்தில் உள்ளவை அதைப் பார்த்துப் பங்கெடுக்கும். இல்லாத சுழலியின் சமன்பாட்டைக் கணினியில் எழுதி, சடத்துவத்தைக்கூட நடிக்கவைக்கலாம். ஆனால் இரும்பின் எடையைத் தொழிற்சாலை தீர்மானித்துவிட்டது. மென்பொருளின் எடையை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு சடத்துவம், எவ்வளவு தணிப்பு (அலைவை அடக்கும் வலிமை), எந்தச் சரிவு (பாரம் கூடினால் மீடிறன் எவ்வளவு இறங்கலாம் என்பது)? ஒரு இன்வேர்ட்டருக்குள்ளேயே ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பின்னூட்டல் சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று எண்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது கெடும். கையால் திருகித் திருகிப் பார்ப்பது பத்து இன்வேர்ட்டருக்குள்ளேயே சீரழிந்துவிடும்.

உகந்த கட்டுப்பாடு என்ற கணிதம் உள்ளே வருவது இங்கேதான். அதன் உள்ளடக்கத்தை யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். மின்சாரம் அறவே இல்லாத அந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோ கேட்டோம். இரவுச் செய்தி முடியும்வரை சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் குரல் தேய்ந்து மறையும், வேகமாகச் சுற்றினால் றேடியோ எரிந்துவிடும் என்று பெரியவர்கள் கத்துவார்கள். காது கேட்டுக் கை திருத்தும், அதுதான் பின்னூட்டல். கை உளையும், அதுதான் செலவு. குரல் கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை, கை தாங்கினால் போதும் என்று ஒருவன் சுற்றுவான். ஒரு சொல்லும் விடக்கூடாது, கை போனாலும் பரவாயில்லை என்று இன்னொருவன் சுற்றுவான். இரண்டு பேரும் தத்தம் கணக்கில் உகந்தபடியே சுற்றுகிறார்கள்.

1960 இல் ருடோல்ஃப் கால்மன் என்ற பொறியியலாளர் இதைக் கச்சிதமாக எழுதினார். அமைப்பின் நிலை விலகலின் வர்க்கத்தை ஒரு நிறையாலும் (அது நமக்கு எவ்வளவு முக்கியம் என்று காட்டும் எண்ணாலும்), கட்டுப்படுத்தச் செலவிடும் முயற்சியின் வர்க்கத்தை இன்னொரு நிறையாலும் பெருக்கி, காலம் முழுக்கக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும் விதி எது? விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது: எல்லா நிலைகளையும் அளந்து, ஒவ்வொன்றையும் ஒரு மாறா எண்ணால் பெருக்கிக் கூட்டினால் போதும். அந்த எண்களைத் தருவது, பதினெட்டாம் நூற்றாண்டு வெனிசியரான ரிக்காட்டியின் பெயரில் உள்ள ஒரு சமன்பாடு. இன்வேர்ட்டர் வலையமைப்பில் நிலைகள் என்பவை கட்டக் கோணங்கள், மீடிறன்கள், வடிகட்டிச் சுருளின் மின்னோட்டம், நேரோட்டப் பக்கத்துக் கொள்ளளவியின் வோல்ற்றேஜ், பி.எல்.எல். இன் உள்மாறிகள். ஒரு இன்வேர்ட்டருக்கே பத்தைத் தாண்டிவிடும். முயற்சி என்பது பற்றரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த பகுதி அந்த நிறைகள்தான். மாணவர்கள் ரிக்காட்டியைத் தீர்ப்பதில் கவனமாக இருப்பார்கள். அது கணினிக்கு ஒரு கட்டளை. நிறைகளைத் தேர்வதற்குத்தான் மனிதர் வேண்டும். மீடிறன் ஒரு நூலளவும் விலகக்கூடாது என்று எழுதினால் கணினி அப்படியே செய்யும், வரைபடம் கண்ணைப் பறிக்கும். பற்றரி மின்னோட்டத்தின் வரைபடத்தைத் திறந்தால்தான் இன்வேர்ட்டர் எரிந்திருக்கும் என்று தெரியும். நல்ல நிறைகளோடு தீர்த்தால் வேறொன்றும் தெரியவரும். மீடிறன் மாறும் வேகத்துக்கு எதிராக நிற்பதை விட, மீடிறன் விலகலுக்கு எதிராக நிற்பதையே தீர்வு பெரும்பாலும் விரும்பும். அதாவது சடத்துவத்தை விடத் தணிப்பு. மாறும் வேகத்தை அளக்க வகையிட வேண்டும், வகையிட்டால் அளவீட்டில் உள்ள இரைச்சல் பெருகும். இரும்புச் சுழலியிடம் இல்லாத அவசரத் தணிப்பைப் பற்றரி மில்லிசெக்கன்களில் தரக்கூடியதாக இருக்க, இரும்பை அப்படியே போலச் செய்து காட்டுவதில் என்ன பெருமை? ஸூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகக் குழு ஒன்று 2017 இல், மெய்நிகர் (மென்பொருள் நடிக்கும்) சடத்துவத்தின் மொத்த அளவை விட அது எங்கே வைக்கப்படுகிறது என்பது முக்கியம் என்று இதே வகைக் கணிதத்தால் காட்டியது. கம்பியின் நுனியில் வாழும் எங்களுக்கு அது சின்னச் செய்தி இல்லை.

சரி, அப்படியானால் ரிக்காட்டியைத் தீர்த்து எல்லா இன்வேர்ட்டருக்கும் ஏற்றிவிட வேண்டியதுதானே? மூன்று இடத்தில் இடிக்கும்.

எல்லா நிலைகளையும் அளக்க முடியாது. அளக்காததை ஊகிக்க கால்மனின் வடிகட்டி என்ற கணித முறையே இருக்கிறது, கணிதப்படி அதுவும் உகந்தது. உகந்த ஊகமும் உகந்த கட்டுப்பாடும் சேர்ந்தால் தங்கமாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். எல்லா நிலையும் அளந்தால் கால்மனின் விதிக்கு 60 பாகை கட்ட விளிம்பு (அமைப்பு நிலைகுலையும் முன் தாங்கக்கூடிய கட்டப் பின்னடைவு) உறுதியாக உண்டு. இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு விளிம்பு உறுதி? 1978 இல் ஜோன் டொயில் என்ற கட்டுப்பாட்டு ஆய்வாளர் இதற்கு ஒரு கட்டுரை எழுதினார். அதன் சுருக்கவுரை மொத்தமும் "ஒன்றுமில்லை" என்ற பொருளில் ஒரே வரி. அமைப்பின் கணித மாதிரியில் ஒரு சிறு பிழை இருந்தாலே உகந்த கட்டுப்படுத்தி அமைப்பைக் கவிழ்த்துவிடலாம். என் வகுப்பில் இந்தக் கட்டுரையைக் காட்டாமல் நான் அந்தப் பாடத்தை முடிப்பதில்லை.

இரண்டாவது, ரிக்காட்டியின் விடை எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. மாமாவின் கூரையில் உள்ள இன்வேர்ட்டர் நுரைச்சோலைச் சுழலியின் கோணத்தை மில்லிசெக்கனில் அறிய வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? தகவல் வந்துசேரும் தாமதமே அலைவை உண்டாக்கும். ஒவ்வொன்றும் தன் முனையில் அளப்பதை மட்டும் வைத்து நடக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், அந்த அழகான சமன்பாடு கையை விட்டுப் போய்விடும். பிறகு எண்முறையில் தேடித் தேடி, நல்லதொன்று அகப்பட்டால் நிறுத்துவதுதான். அதிலும் உகந்தது கிடைத்ததா என்று சத்தியம் பண்ண முடியாது.

மூன்றாவது, மின்னோட்ட எல்லை. சுழலும் ஜெனரேற்றர் குறுஞ்சுற்று ஏற்பட்டால் தன் அளவை விட ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும். டிரான்சிஸ்டர் ஒன்றேகால், மிஞ்சினால் ஒன்றரை மடங்கில் நின்றுவிடும். எல்லையைத் தொட்டதும் கணித்த நேர்கோட்டு விதி செல்லாது. எல்லைகளையும் சேர்த்துக் கணக்கிடும் முன்கணிப்புக் கட்டுப்பாடு உண்டு, ஆனால் அது ஒவ்வொரு கணமும் ஒரு உகப்பாக்கத்தைத் தீர்க்க வேண்டும். மலிவான இன்வேர்ட்டரின் சிறு கணினிக்கு அது பெரும் சுமை.

இவ்வளவையும் பார்த்த பிறகு என் கட்சி இது. யாழ்ப்பாணம் போன்ற இடத்துக்கு ஒரே ஒரு மாதிரியை எடுத்து அதற்கு உகந்ததைத் தேடக்கூடாது. சுன்னாகத்தில் டீசல் ஓடும் நிலை, நிற்கும் நிலை, கிளிநொச்சி வழியில் ஒரு சுற்று அறுந்த நிலை, சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசிப் பளைக் காற்றாலைகள் முழு வேகத்தில் நிற்கும் நேரம், மார்கழி இருட்டில் சோலர் அறவே இல்லாத நேரம் என்று ஒரு கூட்டம் மாதிரிகளை எழுதி, எல்லாவற்றிலும் ஒரே எண்களோடு மோசமில்லாமல் நடப்பதைத் தேட வேண்டும். ஒவ்வொரு தனி நிலையிலும் அது இரண்டாம் இடம்தான் எடுக்கும். கட்டுரை எழுதுபவர்களுக்கு இது பிடிக்காது, ஏனென்றால் வரைபடத்தில் கோடு அவ்வளவு அழகாக இறங்காது. இரவு பத்து மணிக்கு ஒரு கம்பி அறும்போது யாரும் வந்து எண்களை மாற்றப் போவதில்லை என்பதை நினைத்தால் எனக்கு அந்த அழகில்லாத கோடே போதும்.

இதை உண்மையாகப் பரீட்சிக்க யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியை விட நல்ல இடம் நாட்டில் இல்லை. எழுவைதீவில் காற்று, சோலர், பற்றரி, டீசல் சேர்ந்த சிறு கிரிட் ஒன்று ஏற்கனவே வந்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான திட்டம் 2021 இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியாவின் எதிர்ப்பால் நின்று, பிறகு இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற் சோலர், 530 கிலோவாற் காற்று, 2,400 கிலோவாற்மணி பற்றரி, தேவைப்படும்போது ஓட்ட 2,500 கிலோவாற் டீசல். செய்தித்தாள்கள் சீனாவா இந்தியாவா என்று எழுதித் தள்ளின. பற்றரியின் இன்வேர்ட்டர் எந்த வகை என்று கேட்டு ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

அதில்தான் எல்லாம் இருக்கிறது. பற்றரி பின்தொடரும் வகையாக இருந்தால், அலையைக் கொடுக்க ஒரு டீசலாவது இருபத்துநான்கு மணி நேரமும் ஓட வேண்டும். டீசல் எஞ்சினைத் தன் அளவில் முப்பது வீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டுவது அதற்குக் கெடுதல், ஆகவே நல்ல வெயிலில் சோலரை வெட்டிவிட்டு டீசல் எரிப்பார்கள். பற்றரி கிரிட்டை உருவாக்கும் வகையாக இருந்தால் மதியத்தில் டீசலை முழுதாக நிறுத்தலாம். ஆனால் அப்போது அந்தத் தீவில் சுழலும் சடத்துவம் பூச்சியத்துக்குக் கிட்டப் போய்விடும், கட்டுப்படுத்தியின் எண்கள்தான் ஊரைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு பெரிய பம்பின் மோட்டார் கிளம்பும் மின்னோட்டத்தையே அந்த இன்வேர்ட்டர் தன் எல்லைக்குள் விழுங்க வேண்டும். டீசலை மீண்டும் இணைக்கும் அந்த ஓரிரு செக்கன்கள் இன்னும் சிக்கலானவை, ஏனென்றால் இரும்பும் மென்பொருளும் ஒரே தாளத்துக்கு வர வேண்டும்.

என் ஆசை ஒன்று உண்டு. ஒவ்வொரு தீவிலும் மீடிறனையும் பற்றரி மின்னோட்டத்தையும் மில்லிசெக்கன் நுணுக்கத்தில் பதிவு செய்து, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள எங்கள் பொறியியல் பீட மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். நயினாதீவு அம்மனின் ஆனித் திருவிழா நாட்களில் பாரம் எப்படிக் கூடுகிறது, எந்த நேரத்தில் டீசல் சேர்ந்தது, சேர்ந்தபோது அலைவு எத்தனை செக்கனில் தணிந்தது என்பதைப் பார்த்தாலே நிறைகளைச் சரியாக வைத்தார்களா என்று தெரிந்துவிடும். தணியச் சுணங்கினால் எண்களை மாற்றிப் பார்க்கலாம். அதற்குப் புதுக் கம்பியும் வேண்டாம், புதுத் தூணும் வேண்டாம். ஒரு மடிக்கணினியும், கட்டுப்படுத்தியின் கடவுச்சொல்லை விற்றவர்கள் எங்களிடம் தந்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் போதும்.